சேலத்தில் ஆட்டிஸ்டிக் பெரியவர்களே நடத்தும் ஒருநாள் கூடல்: இடம், ஏற்பாடு, முடிவெடுக்கும் முறை

அஸ்தம்பட்டி வாசி (கேள்வி)

வணக்கம். சேலத்திலும் சுற்றுவட்டாரத்திலும் இருக்கும் ஆட்டிஸ்டிக் (ஆட்டிசம் உள்ள) பெரியவர்கள் 14 பேர் ஒரு வாட்ஸப் குழுவாக இருக்கிறோம். வயது 19 முதல் 41 வரை. நான்கு பேர் வாயால் பேசுவதில்லை. அவர்களில் இருவர் டேப்லெட்டில் ஆவாஸ் செயலி (தொடும் படத்தையும் சொல்லையும் குரலாகச் சொல்வது) வைத்துப் பேசுகிறார்கள், மற்ற இருவருக்குப் பட அட்டையும் சைகையும்தான்.

இதுவரை நடந்த நிகழ்ச்சிகள் எல்லாமே பெற்றோரோ தெரபி சென்டரோ நடத்தியவை. இந்த முறை நாங்களே ஒரு முழு நாள் கூடல் நடத்த வேண்டும். துணைக்கு வருபவர்களையும் சேர்த்தால் 25 பேர் ஆகும். பாதிப்பேர் ஏற்காட்டில் வைக்கலாம் என்கிறார்கள், பாதிப்பேர் டவுனிலேயே போதும் என்கிறார்கள். எது சரி? எந்த மாதம்? பெற்றோர் அன்றைக்கு என்ன செய்ய வேண்டும், என்ன செய்யக் கூடாது? பேசாத நான்கு பேரின் விருப்பத்தை எப்படிக் கேட்டுப் பதிவு செய்வது? பிற்பாடு இதைச் சங்கமாகப் பதிவு செய்யும் எண்ணமும் இருக்கிறது. வெறும் ஆதரவு வார்த்தைகளைவிட, செய்யக்கூடிய விவரமாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

---

மெல்லொலி

இடத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், முதலில் தேதியை முடிவு செய்யுங்கள். நம்ம ஊரில் சத்தம் எப்போது வரும் என்பதைக் காலண்டரே சொல்லிவிடும்.

ஆடி வேண்டவே வேண்டாம். கோட்டை மாரியம்மன் திருவிழாவை ஒட்டி ஊரில் எல்லா மாரியம்மன் கோயிலிலும் ஒலிபெருக்கி கட்டுவார்கள், எந்தத் தெருவிலும் தப்ப முடியாது. வைகாசி, ஆவணி, தை மாதங்களில் முகூர்த்த நாளாக இருந்தால் மண்டபம் கிடைக்காது, கிடைத்தாலும் பக்கத்து மண்டபத்தில் பேண்டும் வெடியும் இருக்கும். சித்திரையில் வெயில். மார்கழிதான் நல்லது. கல்யாணம் இல்லாததால் மண்டபமும் சின்ன ஹாலும் காலியாகக் கிடக்கும், வாடகை பேசிக் குறைக்கலாம், வெயிலும் இருக்காது. கோயில் ஒலிபெருக்கி விடியற்காலையோடு பெரும்பாலும் முடிந்துவிடும், நீங்கள் 10.30க்குத் தொடங்கினால் அது குறுக்கே வராது. வைகுண்ட ஏகாதசியையும், புகை காரணமாகப் போகியையும் மட்டும் தவிர்த்துவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமையாக வையுங்கள். மின்வாரியத்தின் பராமரிப்பு மின்தடை பெரும்பாலும் வேலை நாளில்தான் வரும். இருந்தாலும் அந்த வார அறிவிப்பை ஒருமுறை பாருங்கள், ஏனென்றால் கரண்ட் போனால் ஜெனரேட்டர் ஓடும். அந்த உறுமலும் டீசல் வாடையும் சேர்ந்தால் பாதிப்பேர் கிளம்பிவிட வேண்டியதுதான்.

இப்போது ஹால். பெரிய கல்யாண மண்டபம் உங்களுக்குத் தோதுப்படாது. டைல்ஸ் தரை, கண்ணாடி ஜன்னல், உயரமான கூரை மூன்றும் சேர்ந்தால் எதிரொலி வரும். அந்த எதிரொலியில் 25 பேர் மெதுவாகப் பேசினாலும் ஒரே இரைச்சலாகத்தான் கேட்கும், எந்த வார்த்தை யாருடையது என்று பிரித்து எடுக்க முடியாது. ஹால் பார்க்கப் போகும்போது நடுவில் நின்று ஒரே ஒரு தடவை கை தட்டிப் பாருங்கள். தட்டிய ஒலிக்கு வால் நீண்டால் வேறு இடம் தேடுங்கள். வேறு வழியில்லை என்றால் பவானி ஜமுக்காளம் பெரியதாக நாலைந்து வாடகைக்கு எடுத்துத் தரையை மூடிவிடுங்கள், எதிரெதிர்ச் சுவரில் இரண்டு கனமான திரை தொங்க விடுங்கள். நன்றாகவே குறையும். பிளாஸ்டிக் நாற்காலியை இழுக்கும்போது வரும் கிறீச் சத்தத்துக்கு, நாலு காலிலும் பழைய சாக்ஸ் மாட்டி ரப்பர் பேண்ட் போட்டால் தீர்ந்தது.

லைட்டைக் கட்டாயம் சோதியுங்கள். பழைய சோக் வைத்த டியூப்லைட் நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் நொடிக்கு 100 தடவை துடிக்கும். பலருக்கு அது கண்ணில் தெரியாது, சிலருக்கு அரை மணியில் தலைவலி. மலிவான எல்இடியிலும் இதே கோளாறு உண்டு. செல்போனில் ஸ்லோ மோஷன் வீடியோ எடுங்கள். படத்தில் வெளிச்சம் விட்டுவிட்டு மினுக்கினாலோ, பட்டை பட்டையாக ஓடினாலோ அந்த லைட்டை அணைத்துவிட்டு ஜன்னல் வெளிச்சத்தில் நடத்துங்கள். ஃபேனை ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள், 'டிக் டிக்' என்று அடிக்கும் ஃபேன் ஒன்றாவது இருக்கும். அதன் சுவிட்சில் டேப் ஒட்டி, 'போட வேண்டாம்' என்று எழுதி வையுங்கள்.

அம்மாபேட்டை, குகை, கொண்டலாம்பட்டிப் பக்கம் ஹால் பார்த்தால் அக்கம்பக்கத்தில் விசைத்தறி ஓடுகிறதா, ஞாயிறும் ஓடுமா என்று கேளுங்கள். தறிச் சத்தம் சீரானது என்பதால் சிலருக்குத் தொந்தரவு இல்லை, சிலருக்குப் பிடித்தே இருக்கும். தரை வழியாக வரும் அதிர்வுதான் சிக்கல். அது காதை அடைத்தாலும் நிற்காது.

வாடை: பினாயில் போட்டுக் கழுவுவதென்றால் முந்தின நாள் காலையிலேயே முடித்துவிடச் சொல்லுங்கள். ஊதுபத்தி, சாம்பிராணி, சென்ட், தலைநிறைய மல்லிகை எதுவும் வேண்டாம் என்று அழைப்பிலேயே எழுதுங்கள். கொலுசு ஊர் என்பதால் இதையும் சொல்ல வேண்டியிருக்கிறது: சலங்கை வைத்த கொலுசு வேண்டாம், கெட்டிக் கொலுசு பரவாயில்லை. ஆனால் உங்கள் 14 பேரில் ஒருவருக்கு அந்தச் சலங்கை ஒலியே ஸ்டிம்மாக (மனதை நிலைப்படுத்தத் திரும்பத் திரும்பச் செய்வது, கேட்பது) இருக்கலாம். ஒருவருக்கு அமைதி தருவது இன்னொருவருக்கு வலியாக இருப்பது எந்த ஆட்டிஸ்டிக் கூட்டத்திலும் நடக்கும். யாராவது ஒருவரை அடக்கச் சொல்லி இதைத் தீர்க்க முடியாது, அறை கூடுதலாக இருந்தால் தீரும்.

அதனால் மூன்று அறையாவது வேண்டும். பேசும் அறைக்கு 25 பேர் என்றால் 600 சதுர அடிக்குக் குறையக் கூடாது. இரண்டாவது, பேச்சில்லாமல் சேர்ந்திருக்கும் அறை: அவரவர் வேலையை அவரவர் செய்துகொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருக்கலாம். மூன்றாவது இருட்டறை, 100 சதுர அடி போதும், இரண்டு பாய், ஒரே நேரத்தில் மூன்று பேருக்கு மேல் கூடாது. வெளியிலிருந்து தாழ்ப்பாள் போட முடியாதபடி முதலிலேயே தாழ்ப்பாளைக் கழற்றிவிடுங்கள். அந்த அறைக்கு யாரும் யாரையும் 'போய் உட்கார்' என்று அனுப்பக் கூடாது, தானாகப் போவதற்கு மட்டும்தான். அனுப்பும் அறையாக ஆகிவிட்டால் அது தண்டனை அறை. பிறகு தேவைப்படும்போதுகூட யாரும் உள்ளே போக மாட்டார்கள்.

நேரம் 10.30 முதல் 3.30 வரை. ஒரு அமர்வு 40 நிமிடம், நடுவில் 20 நிமிடம் சும்மா. கூடலுக்கு இரண்டு வாரம் முன்பே படங்களோடு ஒரு வழிகாட்டி அனுப்புங்கள்: ஆட்டோவிலிருந்து பார்த்தால் கேட் எப்படித் தெரியும், கழிப்பறை இந்தியன் டைப்பா வெஸ்டர்னா, தண்ணீர் எங்கே, சாப்பிடும் இடம் எது. அனுப்பிய பிறகு எதையாவது மாற்றினால், மாறியது எது, மாறாதது எது என இரண்டையும் சேர்த்துச் சொல்லுங்கள். 'சின்ன மாற்றம்' என்று மட்டும் செய்தி போட்டால் எல்லாமே மாறிவிட்டதாகத்தான் மனது எடுத்துக்கொள்ளும்.

இதெல்லாம் புதிதாக நாம் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. ஆட்டிஸ்டிக் நபரான ஜிம் சின்க்ளேரும் மற்றவர்களும் 1992ல் தொடங்கிய ஆட்டிசம் நெட்வொர்க் இன்டர்நேஷனல், 1996ல் நியூயார்க் மாநிலத்தில் ஒரு முகாம் வளாகத்தில் முதல் ஆட்ரீட்டை நடத்தியது. ஆட்டிஸ்டிக் மக்களே திட்டம் போட்டு நடத்திய கூடல் அது. வாசனைப் பொருள் கூடாது, ஃப்ளாஷ் போட்டுப் படமெடுக்கக் கூடாது, எந்த அமர்விலும் கட்டாயம் கிடையாது என்ற விதிகள் அங்கே வைத்தவைதான். வாய்ப்பு உண்டு, வற்புறுத்தல் இல்லை என்பதுதான் அவர்களின் அடிப்படை விதி. உங்கள் அழைப்பின் முதல் வரியாக இதையே போடலாம்.

---

சேர்வராயன் சரிவு

ஏற்காடு பத்தி மட்டும் சொல்றேங்க. முதல் கூடலுக்கு வேண்டாம். இரண்டாவது, மூணாவதுக்கு வெச்சுக்கோங்க.

காரணம் அடிவாரத்துலேர்ந்து ஏறுற ரோடு. 20 கொண்டை ஊசி வளைவு. உடம்பு சாயறதையும் சுத்தறதையும் அதிகமா உணர்றவங்களுக்கு மேல போய்ச் சேரும்போதே அன்னிக்கு வெச்சிருந்த தெம்பு பாதி போயிடும். காது அடைக்கும், ஊர் 1500 மீட்டர் உயரம். வாந்திக்கு அவோமின் போட்டுக்கலாம்னு சொல்வாங்க. அது நல்லா தூக்கம் தரும். ரிஸ்பெரிடோன் மாதிரியோ, வலிப்புக்கோ ஏற்கெனவே மாத்திரை எடுக்கறவங்க டாக்டரைக் கேட்காம போடவே கூடாது.

போறதுன்னு முடிவு பண்ணா பஸ் வேண்டாம். வேன் எடுங்க, டிரைவர்கிட்ட ஹாரன் தேவைக்கு மட்டும், பாட்டு கிடையாது, வளைவுல மெதுவான்னு முன்னாடியே பேசிடுங்க. முன் சீட்டும் நடு சீட்டும் தலைசுத்தறவங்களுக்கு, கடைசி சீட்டுல அவங்களை உட்கார வைக்காதீங்க. நடுவழியில ஒருதரம் நிறுத்தி 10 நிமிஷம் நிக்கணும், ஆனா சாப்பாட்டுப் பையைத் திறக்காதீங்க, குரங்கு வந்து பிடுங்கும். திடீர்னு குரங்கு மேல பாய்ஞ்சா அந்த நாள் அங்கேயே முடிஞ்சிடும்.

சனி ஞாயிறும் மே மாசக் கோடை விழா நாளும் வேண்டவே வேண்டாம். செவ்வாய், புதன் போங்க. ஏரிக்கரையை ஒட்டின இடம் எடுக்காதீங்க. ஆட்டிசம் இருக்கறவங்கள்ல, முக்கியமா சின்னப் பசங்கள்ல, சிலர் சத்தத்துலேர்ந்து விலகி நேரா தண்ணிப் பக்கம் போயிடுவாங்க, அதுல உயிர் போறது உலகம் முழுக்க நடக்கிற விஷயம். தம்பி தங்கைன்னு யாராவது குழந்தைகளைக் கூட்டிட்டு வந்தா இது இன்னும் முக்கியம். எஸ்டேட் பக்கம் வேலி போட்ட இடமா பாருங்க. ஒரு விஷயம், மார்ச் ஏப்ரல்ல மழை பேஞ்ச பிறகு காப்பிப் பூ பூத்தா மலை முழுக்க மல்லி மாதிரி வாடை அடிக்கும். அதுக்காகவே வர்றவங்க உண்டு. வாடை ஒத்துக்காதவங்களுக்கு அந்த வாரம் தப்பிக்க எடமே இருக்காது. அறைக் கதவைச் சாத்தினாலும் வரும். குளிருக்குக் கம்பளி ஸ்வெட்டர் அரிக்கும்னா ரெண்டு மூணு காட்டன் சட்டையை ஒண்ணு மேல ஒண்ணா போட்டுக்கச் சொல்லுங்க.

---

குகைத் தெரு அம்மா

நல்ல முயற்சி, தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் ஒரு கேள்வி. நியூரோடைவர்சிட்டி, அதாவது ஆட்டிசம் நோயல்ல, மூளை வேறு விதமாக இயங்குவது என்று பேசுபவர்கள் எல்லாம் டைப் செய்யத் தெரிந்தவர்கள், வேலைக்குப் போகிறவர்கள். பல் தேய்க்கவும் குளிக்கவும் துணை வேண்டியவர்கள், தன்னையே அடித்துக்கொள்பவர்கள், ராத்திரி தூங்காதவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு என்ன வேண்டும் என்று ஒரு பேசத் தெரிந்த ஆட்டிஸ்டிக் நபர் எப்படிச் சொல்ல முடியும்? பெற்றோரை வெளியே நிறுத்திவிட்டு அவர்களுடைய 'வாக்கு' என்று எதைக் கணக்கில் எடுப்பீர்கள்? கையைப் பிடித்து டைப் அடிக்க வைத்து, அதை அவர்களே சொன்னதாகக் காட்டும் ஏமாற்றும் உலகத்தில் நடந்திருக்கிறது.

---

எழுத்துப் பலகை

அம்மா, உங்கள் கேள்வி நியாயமானது. இந்த நியூரோடைவர்சிட்டி இயக்கத்துக்குள்ளேயே தொடக்கத்திலிருந்து இருக்கும் கேள்வியும் இதுதான்.

துணை வேண்டாம், எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது என்று இந்த இயக்கம் சொன்னதில்லை. 1993ல் டொரண்டோ மாநாட்டில் ஜிம் சின்க்ளேர் பெற்றோரைப் பார்த்துப் பேசினார். எதிர்பார்த்த குழந்தைக்காகத் துக்கப்படுங்கள், ஆனால் அந்தத் துக்கத்தை இருக்கிற குழந்தையின் மேல் போடாதீர்கள், அவனுக்கு நீங்கள் வேண்டும் என்பதுதான் அதன் சாரம். அன்றாட வேலைகளுக்குத் துணை தேவைப்பட்ட, பேச்சுக் கருவி வழியே பேசிய மெல் பேக்ஸ் 2007ல் வெளியிட்ட வீடியோ இந்த இயக்கத்தின் முக்கியக் குரல்களில் ஒன்று. ஆக, பேசாதவர்கள் வெளியே நிற்கிறார்கள் என்பது சரியல்ல. ஆனால் பல ஊர்க் குழுக்களில் நடைமுறையில் அப்படி ஆகிவிடுகிறது என்பது உண்மை. பேச்சு வேகமாகப் போகும் கூட்டத்தில் வேகமாகப் பேசுபவர்களே முடிவெடுத்துவிடுகிறார்கள். எனவே கேள்வி கேட்டவருக்குச் சொல்வது, பேசாத நான்கு பேரை வைத்துத்தான் கூட்டத்தின் வேகத்தை அமைக்க வேண்டும். அவர்களுக்குச் சரிப்படும் கூட்டம் மற்ற பத்துப் பேருக்கும் சரிப்படும், தலைகீழாகச் செய்தால் வராது.

கையைப் பிடித்து டைப் செய்ய வைப்பது பற்றி நீங்கள் சொன்னது முழுக்க சரி. 1990களில் நடந்த சோதனைகளில், கேள்வி உதவியாளருக்குத் தெரியாதபோது பதில் வரவில்லை, பதிலை உருவாக்கியது உதவியாளரின் கைதான் என்று தெரியவந்தது. உதவியாளர் வேண்டுமென்றே ஏமாற்றுவதில்லை, தன் கை நகர்த்துவது அவருக்கே தெரியாது. அதனால் கூடலில் இரண்டு விதி வையுங்கள். கை, மணிக்கட்டு, முழங்கை, தோள் எதையும் யாரும் பிடிக்கக் கூடாது. எழுத்துப் பலகையையோ பட அட்டையையோ யாரும் கையில் ஏந்திக் காட்டக் கூடாது, மேஜையில் ஸ்டாண்டு வைத்து நிறுத்துங்கள். கையில் ஏந்தினால் பலகை ஒரு நூல் நகர்ந்தாலும் அதுவே குறிப்பாகிவிடும். கை நடுக்கம் இருப்பவருக்குக் கையைப் பிடிக்காமல், மேஜை உயரத்தை முழங்கை மட்டத்துக்குக் கொண்டுவாருங்கள், கட்டங்களைப் பெரிதாக்குங்கள், ஒரு ஏ4 தாளில் நான்கு கட்டத்துக்கு மேல் வேண்டாம்.

அட்டையைக் காட்டிக் கேட்கும்போது கவனிக்க வேண்டியது: சிலர் எப்போதும் வலது பக்கத்தைத் தொடுவார்கள், சிலர் கடைசியாகக் காட்டியதைத் தொடுவார்கள். ஒரே கேள்வியை இடம் மாற்றி அரை மணி இடைவெளியில் மறுபடி கேளுங்கள். இரண்டு முறையும் ஒரே பதில் வந்தால் பதிவு செய்யுங்கள். மாறி வந்தால் 'முடிவு தெரியவில்லை' என்று எழுதுங்கள், உங்களுக்குப் பிடித்ததை எடுத்துக்கொள்ளாதீர்கள். 'ஆமாம், வேண்டாம்' மட்டும் போதாது. 'தெரியாது', 'வேறு ஏதோ' என்ற இரண்டும் கட்டாயம் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பதில் சொல்ல விருப்பமில்லாதவரும் எதையாவது தொட்டுத்தான் ஆக வேண்டும்.

கேட்ட பிறகு 30 நொடி வாயைத் திறக்காமல் காத்திருங்கள். நம்ம பழக்கம், பதில் வரவில்லை என்றால் அதே கேள்வியை வேறு வார்த்தையில் கேட்பது. கேட்பவருக்கு அது புதுக் கேள்வி, அவர் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். திரும்பக் கேட்டே ஆக வேண்டுமென்றால் அதே வார்த்தைகளில் கேளுங்கள்.

ஆவாஸில் அன்றைக்கு வேண்டிய சொற்களை ஒரு வாரம் முன்பே ஏற்றிவிடுங்கள்: ஹாலின் பெயர், வருபவர்களின் பெயர், 'சத்தம் அதிகம்', 'இன்னும் நான் முடிக்கவில்லை', 'எனக்கு ஒப்புதல் இல்லை', 'என்னைத் தொடாதீர்கள்'. சாப்பாட்டுச் சொல்லும் கழிப்பறைச் சொல்லும் மட்டும் இருக்கும் டேப்லெட்டில் எதிர்ப்பைச் சொல்ல வழியே கிடையாது. பவர் பேங்க் ஒன்று, திரையை அச்சடித்து லேமினேட் செய்த பிரதி ஒன்று கூடவே இருக்கட்டும். சத்தமாக அழுத்துகிறார் என்று டேப்லெட்டை வாங்கி வைப்பது வாயைப் பொத்துவதற்குச் சமம், எந்தக் காரணத்துக்கும் செய்யக் கூடாது.

எழுந்து போவது, முகத்தைத் திருப்புவது, சாப்பாட்டைத் தள்ளுவது எல்லாம் பதில்தான். ஒரு அமர்வில் பேசாதவர்கள் மூன்று பேர் எழுந்து போனால், குறிப்பேட்டில் 'மூன்று பேர் விலகினார்கள், மணி 11.50, அப்போது ஹாலில் நடந்தது இது' என்று எழுதுங்கள்.

அம்மா, இதில் பெற்றோருக்கு இடம் இல்லை என்று யாரும் சொல்லவில்லை. எந்தச் சைகைக்கு என்ன பொருள், எந்த மாத்திரை எத்தனை மணிக்கு, வலி வந்தால் எப்படித் தெரியும் என்பதெல்லாம் உங்களுக்குத்தான் தெரியும். அதை ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுங்கள். மெல்ட்டவுன் (தாங்க முடியாமல் கட்டுப்பாடு இழக்கும் நிலை) வந்தால் அவருக்குப் பழக்கமான ஒருவர் மட்டும் அருகில், மற்ற எல்லோரும் பத்தடி தள்ளி, பேச்சைக் குறைத்து, லைட்டை அணைத்து, வீடியோ எடுக்காமல் இருக்க வேண்டும். பிடித்து அமுக்கக் கூடாது. தலையை மோதிக்கொண்டால் தலைக்கும் சுவருக்கும் நடுவில் தலையணை வையுங்கள். தன்னை அடித்துக்கொள்வது திடீரென்று கூடியிருந்தால் முதலில் பல்வலி, காதுவலி, மலச்சிக்கல் மூன்றையும் பாருங்கள், பேசாதவர்களுக்கு வலியை வேறெப்படிச் சொல்வது? வலிப்பு வந்து ஐந்து நிமிடம் தாண்டினால் 108.

---

குகைத் தெரு அம்மா

அட்டையை இடம் மாற்றிக் கேட்பது நல்ல யோசனை. ஒரு பக்கக் குறிப்புக்கு என்ன தலைப்புகள் வேண்டும் என்று குழுவில் போடுங்கள், பெற்றோர் தரப்பில் நிரப்பித் தருகிறோம். மருந்து நேரத்துக்கு மட்டும் ஒரு பெற்றோர் ஹால் வாசலில் இருக்கட்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

---

நூல்கட்டு

சங்கம் பற்றி.

அவசரமில்லை. இரண்டு மூன்று கூடல் நடந்து, யார் உண்மையில் வேலை செய்கிறார்கள் என்று தெரிந்த பிறகு பதிவு செய்யுங்கள். டிரஸ்ட் வேண்டாம், சங்கமாகப் பதிவு செய்யுங்கள். டிரஸ்டில் தொடங்கியவர்கள் கையிலேயே அதிகாரம் நிற்கும், உறுப்பினர் வாக்குப் போட்டு மாற்ற முடியாது. 1975ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி 7 பேர் இருந்தால் மாவட்டப் பதிவாளரிடம் பதியலாம். செயற்குழுவில் 3 பேருக்குக் குறையக் கூடாது, பதவிக்காலம் 3 ஆண்டுக்கு மேல் போகக் கூடாது.

துணை விதியில்தான் எல்லாம் இருக்கிறது. உறுப்பினராக 18 வயது நிறைந்த ஆட்டிஸ்டிக் நபர்கள் மட்டும். பெற்றோர், தெரபிஸ்ட், நன்கொடை தருபவர் யாரையும் உறுப்பினராகச் சேர்க்காதீர்கள், ஆலோசகர் என்று வையுங்கள், வாக்கு கிடையாது. இதைத் தொடக்கத்தில் எழுதாமல் விட்டால் மூன்றாவது ஆண்டில் பொதுக்குழுவில் பெற்றோரே பெரும்பான்மையாக இருப்பார்கள். யாருக்கும் கெட்ட எண்ணம் இருக்காது. படிவம் நிரப்ப, பேங்குக்குப் போக அவர்கள் முன்வருவார்கள், அப்படியே வந்துவிடும்.

உறுப்பினராவதற்கு மாற்றுத்திறனாளி அடையாள அட்டையான யுடிஐடியைக் கட்டாயமாக்காதீர்கள். நம் நாட்டில் ஆட்டிசம் சான்றிதழுக்கு ஐஎஸ்ஏஏ எனும் இந்திய ஆட்டிசம் மதிப்பீட்டு அளவுகோல்தான். 40 கூறுகள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை, கூட்டினால் 70 அல்லது அதற்கு மேல் வந்தால்தான் ஆட்டிசம் என்று கணக்கு. அது வெளியில் தெரியும் நடத்தையையும் வீட்டார் சொல்வதையும் வைத்து மதிப்பிடுவது. சின்ன வயதிலிருந்தே ஆட்டிசக் குணங்களை மறைத்துப் பழகிய பெரியவர்களுக்கு, முக்கியமாகப் பெண்களுக்கு, மதிப்பெண் குறைவாக வரும். அட்டை இருப்பது நல்லதுதான், 40 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் வேலை, கல்வி ஒதுக்கீட்டுக்கு வேண்டும். ஆனால் அரசுச் சலுகைக்கான வாசலையே உங்கள் சங்கத்தின் வாசலாகவும் வைக்க வேண்டியதில்லை.

இன்னொன்று, யாராவது உறுப்பினருக்குச் சட்டப்படி காப்பாளர் நியமித்திருக்கிறார்களா என்று பார்த்துக்கொள்ளுங்கள். 1999 நேஷனல் டிரஸ்ட் சட்டப்படி கலெக்டர் தலைமையிலான குழு 18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்குக் காப்பாளரை நியமிக்கலாம். பேங்கில் கேட்டார்கள், பென்ஷனுக்குக் கேட்டார்கள் என்று பல வீடுகளில் யோசிக்காமலே வாங்கிவிடுகிறார்கள். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 13ஆம் பிரிவு, மற்றவர்களுக்கு உள்ள அதே சட்டத் தகுதி மாற்றுத்திறனாளிக்கும் உண்டு என்கிறது. 14ஆம் பிரிவில் இருப்பது வரையறுக்கப்பட்ட காப்பாளர் முறை: குறிப்பிட்ட முடிவுக்கு, குறிப்பிட்ட காலத்துக்கு, அந்த நபரின் விருப்பப்படி, இருவரும் சேர்ந்து முடிவெடுப்பது. புதிதாக விண்ணப்பிக்க நினைக்கும் வீடுகளில் இந்த வேறுபாட்டைச் சொல்லுங்கள். பேங்க் வேலைக்கு மட்டும் உதவி வேண்டும் என்றால் அதற்கு வாழ்நாள் முழுவதுக்குமான காப்பாளர் தேவையில்லை.

முடிவெடுக்கும் முறைக்கு: விவாதப் பொருளை எழுத்தில் 7 நாள் முன்பே அனுப்புங்கள். எழுத்து, குரல் பதிவு, பட அட்டை எதில் வேண்டுமானாலும் பதில் தரலாம், கூட்டத்துக்கு வராமலும் தரலாம். பதில் வராததை ஒப்புதலாக எடுக்காதீர்கள். இரண்டு சுற்று வையுங்கள்: முதல் சுற்றில் கருத்து மட்டும், மூன்று நாள் கழித்து வாக்கு. வாட்ஸப் குழுவின் அட்மின் ஆட்டிஸ்டிக் நபராக இருக்கட்டும், அவசரமாகப் பதில் கேட்கும் செய்திகளுக்குத் தனிக் குழு தொடங்குங்கள்.

பணம். ஹால் வாடகை, சாப்பாடு, வேன் இவற்றோடு, குறிப்பெடுப்பவர், வழிகாட்டி தயாரித்தவர் ஆகியோருக்குச் சம்பளமும் கணக்கில் எழுதுங்கள், தொகை சின்னதாக இருந்தாலும். நன்கொடை தருபவர் மேடையில் நின்று உங்களோடு படம் எடுக்க வேண்டும் என்றால் அந்தப் பணத்தை வாங்காதீர்கள்.

---

அஸ்தம்பட்டி வாசி

எல்லோருக்கும் நன்றி. மார்கழி ஞாயிறு, டவுன், மூன்று அறை என்று குழுவில் வாக்குக்கு விட்டிருக்கிறேன், இரண்டு சுற்று முறையில். இன்னும் இரண்டு விஷயம். கலர் அட்டை முறை எங்களுக்குத் தேவையா, எப்படிச் செய்வது? சாப்பாட்டுக்கு என்ன சொல்வது? சமைப்பவர் பந்தி பரிமாறித்தான் பழக்கம் என்கிறார்.

---

மெல்லொலி

கலர் அட்டை கட்டாயம் வேண்டும். ஆட்ரீட்டில் தொடங்கி, 2006ல் உருவான ஆட்டிஸ்டிக் செல்ஃப் அட்வகசி நெட்வொர்க் மூலம் பரவிய முறை அது. பச்சை: பேச விருப்பம், ஆனால் ஆரம்பிப்பது எனக்குக் கஷ்டம், நீங்களே வந்து பேசுங்கள். மஞ்சள்: ஏற்கெனவே தெரிந்தவர்கள் மட்டும் பேசலாம். சிவப்பு: நானாக வந்து பேசினால் ஒழிய யாரும் பேச வேண்டாம். நிறம் மட்டும் போதாது, சிவப்பும் பச்சையும் பிரித்துப் பார்க்க முடியாதவர்கள் உண்டு. பச்சை வட்டம், மஞ்சள் முக்கோணம், சிவப்பு சதுரம் என்று வடிவத்தையும் மாற்றி, மேலே தமிழில் 'பேசலாம்', 'தெரிந்தவர் மட்டும்', 'இப்போது வேண்டாம்' என்று பெரிதாக எழுதுங்கள். ஐடி கார்டு உறையில் மூன்றும் இருக்கும்படி போட்டால் வேண்டியதை முன்னால் கொண்டுவரலாம். கழுத்துக் கயிறு உறுத்தும் என்பவர்களுக்குச் சட்டைப் பையில் மாட்டும் கிளிப், சேலைக்கு ஊக்கு. துணைக்கு வருபவர்களும் அணிய வேண்டும். அம்மா அப்பாவும் சிவப்பு அட்டையை மதிக்க வேண்டும், 'ஒரு நிமிஷம் இந்த அங்கிளுக்கு வணக்கம் சொல்லு' என்பது கூடாது.

முதல் பத்து நிமிடத்தில் குத்துவிளக்கு, பொன்னாடை, சிறப்பு விருந்தினர் எதுவும் வேண்டாம். தமிழ்த்தாய் வாழ்த்து பாட வேண்டும் என்று குழுவில் முடிவானால் ஒலிபெருக்கி இல்லாமல் ஒருவர் பாடட்டும், 55 நொடிதான். 2021 அரசாணையிலேயே மாற்றுத்திறனாளிகள் எழுந்து நிற்பதிலிருந்து விலக்கு இருக்கிறது, ஆகவே உட்கார்ந்தபடியோ பக்கத்து அறையிலோ இருப்பதில் தவறில்லை என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கைதட்டலுக்குப் பதில் இரண்டு கையையும் மேலே தூக்கி ஆட்டுவது. எல்லோரையும் எப்படிக் கூப்பிட வேண்டும் என்று பெயர்ப் பட்டையிலேயே எழுதிக்கொள்ளட்டும். 30 வயதுக்காரரை 'கண்ணா', 'செல்லம்' என்று கூப்பிடுவதும் கன்னத்தைத் தொடுவதும் சமையல்காரரிலிருந்து வாட்ச்மேன் வரை யாருக்கும் கூடாது, முந்தின நாளே அவர்களிடம் பேசிவிடுங்கள்.

பந்தி வேண்டாம். கேட்காமல் இலையில் வைப்பதும், 'இன்னும் கொஞ்சம்' என்று வற்புறுத்துவதும், சாம்பார் ஓடிப் பொரியலில் கலப்பதும் பலரைச் சாப்பிட விடாது. தட்டில் தனித்தனிக் குழி உள்ள தட்டாக வாங்கி, அவரவர் எடுத்துக்கொள்ளும்படி வையுங்கள். 25 பேருக்கு வெறும் சாதம், தயிர், இட்லி இவை மூன்றும் எப்போதும் மசாலா படாத தனிப் பாத்திரத்தில், தனிக் கரண்டியோடு இருக்க வேண்டும். அந்தக் கரண்டி சாம்பாரில் போய்விட்டால் சிலருக்கு அன்றைக்குச் சாப்பாடே கிடையாது, அதனால் அந்த மேஜையைப் பார்த்துக்கொள்ள ஒருவரை நிறுத்துங்கள். மெனுவை வழிகாட்டியிலேயே படத்தோடு போடுங்கள், பிராண்டு பெயர் உட்பட. பிஸ்கட் பாக்கெட் மாறினால் ருசி மாறும். வீட்டுச் சாப்பாடு கொண்டுவரலாம் என்றும் எழுதுங்கள். மாலைக்கு நம்ம ஊர் தட்டுவடை செட் வைப்பதானால் செட்டாகக் கட்டித் தரச் சொல்லாதீர்கள். தட்டுவடை, துருவிய கேரட், பீட்ரூட், வெங்காயம், இரண்டு சட்னி எல்லாம் தனித்தனிக் கிண்ணத்தில் வரட்டும். மொறுமொறுப்பு மட்டும் வேண்டுபவர் வெறும் தட்டுவடையை எடுத்துக்கொள்வார், ஈரம் பட்டு ஊறினதும் அதைத் தொட முடியாதவர்கள் இருக்கிறார்கள். சாப்பிடும்போது தனியாக உட்கார நாலு மேஜையாவது சுவரைப் பார்த்துப் போடுங்கள்.

கலர் அட்டையை லேமினேட் செய்து, 25 பேருக்கு 35 செட் போடுங்கள். வந்தவர்களில் சிலர் வீட்டுக்கும் கேட்பார்கள், கொடுத்தனுப்புங்கள்.